காலராக் கொட்டகையில் எடுத்த ஆஜர்

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. தானே பயந்து ஓடுகிறவன் ஒருவன். ஊரைப் பயமுறுத்திவிட்டு ஓடுகிறவன் இன்னொருவன். ஒரே மதியத்தில் இரண்டு பட்டத்தையும் வாங்கியவன் நான்.

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) வீடு சிதம்பரத்தில், தினமும் ரயில். அந்த வருஷப் புயலில் துறைமுகத்துப் பக்கம் குடிசையை இழந்த இருபத்து மூன்று குடும்பங்கள் ரயிலடியில் படுத்துக் கிடந்தன. உப்பனாற்றங்கரையில் பூட்டிக் கிடந்த பழைய காலராக் கொட்டகையை அறை அறையாகத் தடுத்து அவர்களுக்குக் கொடுப்பதென்று முடிவானது. கட்டடம் சர்க்காருடையது. தடுப்புப் பலகை மரக்கடை தாவூத் பாய் கொடுத்தது. மேலே போட்ட கீற்று கடைத்தெருக்காரர்கள் கொடுத்தது. என் பங்கு, பேர் கூப்பிட்டு டிக் போடுவது.

"காலைல ஒம்பது மணிக்குப் போயிடு. ஒவ்வொரு பேரையும் ரெண்டு வாட்டி கூப்பிடு. ஆள் இல்லன்னா அடிச்சுடு," என்றார் ஹெட் கிளார்க். "நாலு மணிக்குள்ள லிஸ்ட் வரலன்னு வையி, கொட்டாய தார் டிரம் போட எடுத்துக்குவாங்க. அந்த ஜனங்க மழைக்காலம் பூரா ரோட்லதான்."

இவ்வளவு சொல்லியும் மறுநாள் காலை ரயிலை விட்டேன். காரணம், புதுச் சட்டைக்கு இஸ்திரி. (பேர் கூப்பிடுகிறவன் துரை மாதிரி இருக்க வேண்டாமா?) கொட்டகையை அடைந்தபோது சரியாக உச்சி வேளை. வாசலில் பூவரச மரத்தடியில் ஜனங்கள் காத்திருந்தார்கள். நேரே போனால் திட்டு விழும். காலையிலிருந்து உள்ளேயே வேலை பார்த்தவன் போல ஆரம்பித்துவிடலாம் என்று ஆற்றோரமாகச் சுற்றிப் போய், என்னிடமிருந்த சாவியால் பின்கதவைத் திறந்து நுழைந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. முன்கதவில் வெளியே பூட்டுத் தொங்கியபடியே இருந்தது.

உள்ளே சுண்ணாம்பு வாடை. சுவரில் வரிசையாகக் கட்டில் எண்கள். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் ஓர் ஆணி. வெளியே அத்தனை வெயில், உள்ளே என் கால் சில்லிட்டது. ஜன்னல் பலகை இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன்.

"மீனாட்சி! மீனாட்சி!"

என் குரல் சுவரில் மோதி வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்தது. வெளியே சளசளவென்ற பேச்சு பட்டென்று நின்றது. பதில் இல்லை. பேரை மையால் அடித்தேன்.

"அந்தோணி! அந்தோணி!"

ஓர் ஆள் வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்தவன் அதைப் பொத்தினான். எல்லாரும் கொட்டகையையே வெறித்துப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தார்கள். எனக்கு முதுகு கூசியது. பத்துப் பேரை அடித்தாயிற்று. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

"கண்ணம்மா! கண்ணம்மா!"

"இருக்கேன்."

வெளியிலிருந்து அல்ல. எனக்குப் பின்னால், கடைசித் தடுப்பிலிருந்து. மரத்தடியில் நிஜக் கண்ணம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிவிடத்தான் தோன்றியது. இருந்தாலும் சர்க்கார் வேலையாயிற்றே! "பா... பாத்திமா..."

"இருக்கேன்." அதே குரல். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு பொறுமையாக அது கேட்டது: "அடுத்த பேரு?"

பின்கதவுக்கு அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் முன்கதவுக்குப் பாய்ந்து, "தொறங்க! தொறங்க!" என்று அறைந்தேன். வெளியே ஐயோ அம்மா என்று கூட்டம் ஆற்றை நோக்கி ஓடியது. தாவூத் பாய் ஒருவர்தான் நின்றார். தடுப்பு அடித்ததிலிருந்து முன்கதவுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"மனுஷன்னா ஒம் பேர மூணு வாட்டி சொல்லு!"

முப்பது வாட்டி சொன்னேன். பூட்டைத் திறந்தவர் என் கசங்கிய சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, உச்சி வேளையில, காலராவுல செத்த ஜனங்க கெடந்த கொட்டாய்லேந்து, பூட்டின பூட்டு பூட்டினபடி இருக்க, ரெண்டு வாட்டி கூப்பிட்டா எவன்யா பதில் சொல்லுவான்? பேய்தான் ரெண்டோட நிறுத்தும். மூணாவது கூப்பிட்டாத்தானே மனுஷன்?"

எனக்கும் அம்மா சொல்லித் தந்ததுதான். வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்லி வளர்ந்தவன் நான். உத்தியோகம் கிடைத்ததும் புத்தி போய்விட்டது. ஹெட் கிளார்க் சொன்ன இரண்டைப் பிடித்துக்கொண்டு பத்துக் குடும்பங்களின் கூரையை மையால் அடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப உள்ள பேசினது?" என்றேன்.

பாய் முன்னால், நான் அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால். கடைசித் தடுப்பில், இரும்புக் கட்டிலில், மடியில் மூட்டையோடு ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பேர் அஞ்சலையாம். புயல் அன்றைக்கு உடைந்த ஜன்னல் வழியாக ஏறிவந்தவள். தடுப்பு அடித்த நாட்களில் பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு ராத்திரிதான் திரும்புவாளாம். பட்டியல் எடுத்தவர்கள் ரயிலடியில் கிடந்தவர்களைத்தான் எழுதினார்கள். இவள் பேர் அதில் இல்லை.

"அடுத்தவங்க பேருக்கு ஏம்மா பதில் சொன்னே?"

"தடுப்பு இடுக்கு வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். யாரும் வரலன்னுதானே சார் அடிச்சீங்க. வராதவங்க எடத்துல நான் இருந்துக்கறேனேன்னு பாத்தேன். எம் பேரத்தான் கூப்பிட ஆளு இல்ல."

"தனியா இங்க பயமா இல்லியா?"

"ரயிலடில ஒரு பொம்பள தனியா படுத்துப் பாக்கணும் சார். அப்புறம் பேயி ஒரு பயமா?"

ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பாய் கூட்டி வந்தார். வெளியே வெயிலில் நின்று, எல்லார் கண்ணிலும் படும்படி, ஒவ்வொரு பேரையும் மூன்று முறை கூப்பிட்டேன். அவர்களும் விடவில்லை, இரண்டு முறை கம்மென்றிருந்துவிட்டு மூன்றாவதுக்குத்தான் "இருக்கேன்" என்றார்கள், சிரித்துக்கொண்டே. கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு பேரை நானே எழுதிவிட்டுக் கூப்பிட்டேன். அஞ்சலை முதல் குரலுக்கே கையைத் தூக்கிவிட்டாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டியல் ஹெட் கிளார்க் மேஜைக்குப் போனது. அடித்தல் திருத்தலுக்கு எனக்கு மெமோ வந்தது. அஞ்சலைக்கு அந்தக் கடைசி அறையே கிடைத்தது.

தாவூத் பாய் என் கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து என் வீட்டில் நான் காபி கேட்டால்கூட மூன்றாவது குரலுக்குத்தான் பதில். மனைவி ஆரம்பித்து வைத்தது, இப்போது பேரன் வரைக்கும் வந்துவிட்டது. முதல் தடவை கூப்பிட்டதுமே எனக்குப் பதில் சொன்னவள் இந்த உலகத்தில் அஞ்சலை ஒருத்திதான்.