கூப்பன் நானாவின் ஆறாவது தாள்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். காரைக்காலில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துபோகும். "பேசுற மாதிரியே எழுதுங்க மாமி, யாரும் அடிக்க வர மாட்டாஹ" என்று மருமகள் தைரியம் சொன்னதால் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். உலகத்தில் எல்லாரும் கார் ஓடியதற்காக ஆயில் மாற்றுவார்கள். ஆயில் மாற்ற வேண்டும் என்பதற்காகவே கார் ஓட்டிய மனிதர் ஒருவர்தான். அவர் சைகோனில், டிஸ்ட்ரிக்ட் 1இல், நாங்கள் குடியிருக்கும் தெருவில் இருந்தார். கூப்பன் நானா.

இயற்பெயர் என்னவோ ஒன்று உண்டு. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம், அக்காவை லாத்தா என்போம். நான் அவரை நானா என்றேன், அவர் என்னை லாத்தா என்றார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கடைசி வரை தெரியவில்லை.

நானாவின் வாப்பா காரைக்காலிலிருந்து துணி விற்க வந்தவர். நானா பிறந்ததே சைகோனில். அந்த ஊரில் ஆட்சி மாறியபோது நம் ஆட்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள், இவர் இருந்துவிட்டார். மசாலாத் தூள் கடை வைத்திருந்தார். மனைவி மரியம் வியட்நாம்காரி. மாமியாரிடம் தமிழ் படித்தவள். கண்ணை மூடிக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டால் காரைக்கால் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருக்கும்.

மரியத்துக்கு முழங்கால் வலி வந்து மோட்டார் பைக்கில் ஏற முடியாமல் போனது. அதனால்தான் நானா கார் வாங்கினார். ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார். கார் வரை சண்டை இல்லை. காரோடு சேர்த்து ஒரு புத்தகம் வாங்கி வந்தார் பாருங்கள், அதில்தான் வந்தது.

கூப்பன் புத்தகம். ஆறு தாள், ஆறு சர்வீஸ். பணத்தை இப்போதே கட்டிவிட்டால் நாளைக்கு ஆயில் விலை எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு ஏறாது என்று கார்க்கடைக் கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நானா கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னட்டையைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் ஒரு தாள்தான் செல்லும். அதற்கு முன்னால் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் முடிந்த அன்று மிச்சமிருக்கிற தாள் எல்லாம் வெறும் காகிதம்.

நானா வீட்டிலிருந்து கடைக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? பதினெட்டுப் படி. வீடு மேலே, கடை கீழே.

அன்றைய சண்டையை நான் பார்க்கவில்லை. மரியம் இரண்டு பேர் குரலிலும் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"சமைக்காத சட்டியைக் கழுவுறதுக்கு முன்பணம் கட்டிட்டு வந்திருக்கீங்களே, உங்களை என்னா செய்யறது?"

"சமைப்போம் புள்ளே! சட்டி நெறய சமைப்போம்!"

"கிழிச்சீங்க. மொத தாளே செல்லாமப் போவப் போவுது, பாருங்க."

நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இந்த ஆறுல ஒரு தாள் வீணாப் போனாலும் கார்ச் சாவியை உன் கையில குடுத்துடறேன். வித்துக்க. நான் மறுபடியும் பைக்குல ஏறிக்கறேன். இது சத்தியம்!"

இப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது நான் சைகோன் வந்து எட்டு மாதம். மகனுக்கு இங்கே வேலை, அதனால் கூட்டி வந்தான். மகனும் மருமகளும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். எனக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாது. கீழே இறங்கினால் மோட்டார் பைக்குகள் ஆற்று வெள்ளம் மாதிரி போகும். எதிர்ப்பக்கம் போக எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. ஜன்னலும் நானுமாக எட்டு மாதம் இருந்தோம்.

ஒரு நாள் கொத்தமல்லித்தழை இல்லை. பென் தான் என்கிற சந்தை நடந்தால் பத்து நிமிடம்தான் என்று மருமகள் சொல்லியிருந்தாள். இறங்கி, தெரு ஓரத்தில் நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க லாத்தா!" என்று தமிழில் ஒரு குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க யாருன்னு…"

"நம்ம ஊருதான். சேலை கட்டினதைப் பார்த்தாலே தெரியாதா? ஏறுங்க, எங்க போவணும்?"

"சந்தைக்கு. கொத்தமல்லி வாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "இந்தா இருக்குற சந்தைக்கா? கொஞ்சம் தள்ளி ஏதாச்சும் வாங்க மாட்டீங்களா?"

பின் சீட்டிலிருந்து மரியம் எட்டிப் பார்த்தாள். "பயப்படாதீங்க லாத்தா. ஆளு நல்லவஹதான். கிலோமீட்டர் பைத்தியம், அம்புட்டுத்தான்."

பத்து நிமிடச் சந்தைக்கு இரண்டு மணி நேரம் போனோம். இரண்டு பாலம், ஒரு ஆறு, புதிதாகக் கட்டிய மாடி வீடுகள், வாத்துப் பண்ணைகூடப் பார்த்தேன். கடைசியில் வாங்கிய கொத்தமல்லி வீட்டுக்கு வருவதற்குள் துவண்டு கிடந்தது. ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சத்தமாகச் சிரித்தேன்.

அதற்கப்புறம் நானாவின் காருக்கு ஓய்வே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஆள் ஏற்றுவார். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களையும் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்காரர் ஒருவரை மாதா கோயிலில் விடுவார். அந்தப் பெரியவர் பழைய பிரெஞ்சு நாளில் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். இறங்கும்போது தொப்பியைத் தூக்கி "மெர்சி" என்பார். நானா பதிலுக்கு, "எட்டு கிலோமீட்டர்! நாந்தான் மெர்சி சொல்லணும்!" என்பார். மூன்று சாமியும் பார்த்திருக்கும், இந்த மனிதன் எதற்கு இத்தனை விசுவாசமாக வாசலுக்கு வருகிறான் என்று.

கைப்பேசியில் வழி சொல்லும் பெண் குரலோடு அவருக்குத் தீராத பகை. அவள் பக்கத்து வழியைக் காட்டினால் இவருக்கு ஆத்திரம் வரும். "பாத்தியா மரியம், குறுக்கு வழி சொல்லி என் மூணு கிலோமீட்டரைத் திருடறா!" என்று எதிர்ப்பக்கம் திருப்புவார்.

முதல் தாள் செல்லுபடியான நாள் எங்களுக்குப் பெருநாள் மாதிரி. சர்வீஸ் நடக்கும் இரண்டு மணி நேரமும் குளிர்சாதன அறையில் உட்காரலாம், ஐஸ் போட்ட காப்பி கேட்கிற அளவு கொடுப்பார்கள், முதுகு பிடித்துவிடும் நாற்காலி ஒன்று இருக்கிறது என்று நானா கேள்விப்பட்டிருந்தார். "எல்லாம் கட்டின காசுல அடக்கம்" என்று ஏழு சீட்டையும் நிரப்பிக் கூட்டிப்போனார். சும்மா போகக் கூடாதென்று அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கிற எங்கள் ஊர் இறால் வாடாவை நான் ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்துப் போனேன்.

கவுண்டர் பெண் எங்களை எண்ணிப் பார்த்து "ட்ரோய் ஓய்" என்றாள். நாம் அட அல்லாவே என்கிறோமே, அதேதான். நாற்காலியில் முதலில் புதுச்சேரிப் பெரியவர் உட்கார்ந்தார். அது முதுகைப் பிடித்ததும் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். மரியம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வாடா வாசனைக்கு மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தார்கள். அடுத்த சர்வீஸிலிருந்து கார் வந்து நின்றதும் அவர்கள் முதலில் திறந்தது எஞ்சின் மூடியை அல்ல, என் டப்பாவை.

பிரேக் தேய்ந்தால் அது கூப்பனில் வராது, தனிக்காசு என்று மூன்றாவது தாளில் தெரிந்தது. மழை துடைக்கும் துடைப்பானும் அப்படித்தான். இத்தனை சுற்றினால் டயர் தேயாமல் இருக்குமா, அதற்கும் தனிக்காசு. மரியம் புருவத்தை மட்டும் தூக்கினாள். நானா கூரையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்.

இப்படியே ஐந்து தாள் போய்விட்டது. ஆறாவது தாளுக்கு மீட்டர் முப்பதாயிரம் காட்ட வேண்டும். கெடுவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தொள்ளாயிரம் கிலோமீட்டர் குறைகிறது. நானா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்.

கார் போனால் எனக்கு மறுபடியும் ஜன்னல்தான். வெளியே சொல்ல வெட்கம், சொல்லவில்லை.

"வுங் டாவ்!" என்றார் ஒரு நாள் காலையில். "போவ வர இருநூறுக்குக் கொறையாது. கடல் பாக்குறவங்க எல்லாம் ஏறுங்க!"

காரைக்கால் கடலை விட்டு வந்த பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை வந்து காலடி மண்ணை இழுத்தது. அதே இழுப்பு. நானா மணலுக்கே வரவில்லை, காரில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார்.

"கடல் எப்புடி இருக்கு லாத்தா?"

"உப்பா இருக்கு நானா!"

"நல்லாப் பாத்துக்கிட்டீங்களா? இல்லாட்டி நாளைக்கும் வரலாம்!"

மறுநாளும் போனோம்.

மிச்சத்துக்குத் தெத் கைகொடுத்தது. தெத் என்றால் இவர்களுடைய புத்தாண்டு. ஊரே மஞ்சள் பூ மரமும் குட்டி ஆரஞ்சு மரமும் வாங்கி வாசலில் வைக்கும். நானா பின் சீட்டை மடக்கிவிட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் மரம் ஏற்றிக்கொண்டு போனார். இலைக்கு நடுவில் என் முகமும் மரியத்தின் முகமும் மட்டும் தெரியும். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு பாலத்தின் நட்டநடுவில் மீட்டர் முப்பதாயிரத்தைக் காட்டியது. நானா ஹாரன் அடித்தார். பக்கத்தில் போன பைக்குக்காரர்களும் காரணம் தெரியாமலே அடித்தார்கள்.

நேராகக் கார்க்கடைக்கு விட்டார். இரும்புக் கதவு மூடியிருந்தது. மேலே சிவப்பு விளக்குத் தொங்கியது. காவல்காரர் ஒருவர் நாற்காலி போட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தெத் விடுமுறை, எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், இனி அடுத்த வாரம்தான் என்றார்.

மரியம் மெல்லக் கேட்டாள். "ஊர் பூரா மரம் மரமா ஏத்திக்கிட்டுப் போனீங்களே. அது எதுக்குன்னு ஒரு தடவையாச்சும் யோசிச்சீங்களா?"

சைகோனிலேயே பிறந்தவர், அறுபது தெத் பார்த்தவர், கிலோமீட்டரை எண்ணி எண்ணித் தெத்தையே மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மரியத்தின் கையில் வைத்தார். கார் உறை போட்டுக்கொண்டு நின்றது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் யாரும் "ஏறுங்க" என்று கூப்பிடவில்லை. நானா கடையில் மிளகாய்த்தூளை ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு மாற்றினார். அப்புறம் அதிலிருந்து இதற்கு மாற்றினார்.

கார்க்கடை திறந்த அன்று மரியம் என் வாசலில் வந்து நின்றாள். "லாத்தா, கார்க்கடைக்குப் போறேன். தொணைக்கு வாங்க. அவஹளுக்குச் சொல்ல வேணாம்."

விற்கத்தான் போகிறாள் என்று எனக்குப் புரிந்துபோனது. கை தானாக வாடா டப்பாவை எடுத்துக்கொண்டது. வாடகைக் காரில் வழி நெடுக டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் மரியம் சாவியை எடுத்து வைத்து அவர்கள் பேச்சில் மளமளவென்று பேசினாள். கவுண்டர் பெண் தலையாட்டினாள், காகிதம் எடுத்தாள். மரியம் பேனாவைத் திறந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. பொது இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். அன்றைக்கு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "விக்காத மரியம்! உனக்குப் புண்ணியமாப் போவும், விக்காத!"

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். மரியம் பேனாவும் கையுமாக என்னைப் பார்த்தாள். அப்புறம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"விக்கவா? நல்லா இருக்கே! அந்த மனுசனை நாள் பூரா வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? இந்த மூணு வருசம் என் வீடு எம்புட்டு அமைதியா இருந்துச்சு தெரியுமா லாத்தா?"

அவள் கையெழுத்துப் போட்டது புதுக் கூப்பன் புத்தகத்துக்கு. இந்த முறை பத்துத் தாள்.

இப்படி முன்பணம் கட்டி சர்வீஸ் வாங்குவது லாபமா என்று மகன் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. நிறைய ஓட்டுகிறவருக்கு லாபமாக இருக்கலாம். படிக்கு மேலும் கீழுமாக வாழ்கிறவருக்கு நஷ்டம்தான். பின்னட்டையை முதலில் படியுங்கள். வேறு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானாவுக்கு லாபமா நஷ்டமா என்று அந்த நாளில் மரியத்திடம் கேட்டால் கார்க்கடையின் முதுகு பிடித்துவிடும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்போது அவர்கள் மகளோடு பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே கார் இல்லை. நானா ரயிலுக்கு வருடச் சீட்டு வாங்கியிருக்கிறாராம். காலையில் ஏறினால் கடைசி நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருவாராம், சில நாள் இரண்டு தடவை. "வீடு அமைதியா இருக்கு லாத்தா" என்று போனில் மரியம் சொல்கிறாள்.

நான் இப்போது சந்தைக்குத் தனியாக நடந்தே போகிறேன். சாலையைத் தாண்டவும் வந்துவிட்டது.

தாள் ஆறுதானா, கிலோமீட்டர்க் கணக்கு சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. கார் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி இறங்கி "ஏறுங்க லாத்தா" என்று ஒரு குரல் கேட்டது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம்.