உருதுப் படத்துக்கு நான் சொன்ன கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது. அதுவரை எனக்கு எல்லாம் தெரியும், உருது உட்பட.

ஐம்பதுகளில் பம்பாய்த் துணிக்கடை ஒன்றில் எட்டு மாதம் பொட்டலம் கட்டினேன். கூட வேலை பார்த்த அத்தனை பேரும் திருநெல்வேலிக்காரர்கள். ஊர் திரும்பியபோது நான் கொண்டுவந்தது சரி என்பதற்கு ‘அச்சா’, போகலாம் என்பதற்கு ‘சலோ’ என்ற இரண்டு வார்த்தைகளும், நெற்றியில் சுருட்டிவிட்ட முடியும்தான். பொன்னமராவதியில் இருந்த என் தாய்மாமனுக்கு அதுவே போதுமாக இருந்தது. தன் மகள் சிவகாமியை எனக்குக் கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

சிவகாமி பள்ளியிறுதி தேறியவள். அடுத்து ஆசிரியப் பயிற்சிக்குப் போவேன் என்று நின்றாள். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த மாமா, கூடாது என்று நின்றார். நானும் மாமா கட்சி. (என்னைவிடப் படித்த பெண்டாட்டி என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.)

அந்தச் சமயம் புதுக்கோட்டைக்கு ஒரு பழைய உருதுப் படம் வந்தது. பெண்கள் படிப்பையும் கல்யாணத்தையும் பற்றிய கதை என்றார்கள்.

“மாப்ளே, ஒனக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே. இவளயும் கூட்டிக்கிட்டுப் போவோம். படிச்சவளுக என்ன கதி ஆகுறாளுகன்னு நல்லா வெளங்கச் சொல்லு” என்றார் மாமா.

“அச்சா மாமா” என்றேன்.

பகல் காட்சிக்குப் போனோம். நடுவில் மாமா, இருபக்கமும் நாங்கள். திரையில் அக்காள் தங்கை இருவர். தங்கை புத்தகமும் கையுமாக இருந்தாள். அக்காள் அடுப்படியில் இருந்தாள். அக்காளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை ஒரு தரகன் வாசித்துக்காட்ட, அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“தங்கச்சி யாரோ ஒருத்தனுக்கு எழுதுன லெட்டர் மாமா, மாட்டிக்கிச்சு. எல்லாம் படிப்பு பண்ற வேலை” என்றேன், நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

“கேட்டியா?” என்று மாமா மகள் பக்கம் திரும்பினார்.

“அது அக்கா புருசன் எழுதுன லெட்டருப்பா” என்றாள் சிவகாமி. “தரகன் வேணும்னே மாத்தி வாசிக்கிறான். அக்காவுக்குப் படிக்கத் தெரியாதுல்ல.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாமா.

“பள்ளிக்கூடத்துல மூணு வருசம் இந்தி படிச்சேன். அதுல சேர நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. உருதும் பாதி அதே பேச்சுதான்.”

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். இடைவேளையில் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தரையில் ஜமுக்காளம் விரித்து அத்தர் விற்றுக்கொண்டிருந்த வடக்கத்திப் பெரியவர், என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். “அச்சா” என்றேன். குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். தலையை ஆட்டி, “அச்சா, அச்சா” என்றேன். அவர் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்.

“பாத்தீங்களா மாமா, என்ன மரியாதை.”

பின்னால் வந்த சிவகாமி சொன்னாள். “அத்தான், அவரு ஜமுக்காளத்துல செருப்புக் காலோட நிக்கிறீங்களாம். எறங்கச் சொல்லிக் கும்பிடுறாரு.”

மீதிப் படத்துக்கு மகள் கதை சொன்னாள், அப்பா கேட்டார். படித்த தங்கை தரகனின் புரட்டைக் கண்டுபிடித்து அக்காளைக் காப்பாற்றினாள் என்பதை நானும் சிவகாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கும்போது மாமா சொன்னார். “ஆத்தா, நீ டிரெய்னிங் போ. இவன மாதிரி ஒருத்தன் வாசிச்சுக் காட்டுறத நம்பி நீ குடும்பம் நடத்த வேணாம்.”

அவள் போனாள். விடுதியிலிருந்து கடிதம் போட்டாள். பக்கத்தில் வாசித்துக்காட்ட வேறு ஆள் இல்லாததால் மாமா என்னிடம்தான் கொடுப்பார். நான் வாசித்து முடித்ததும் வாங்கி மடித்து, நேரே தபால்காரரிடம் போய் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டு வருசம் இப்படி. டீச்சரான பிறகு, என்ன நினைத்தாளோ, அவளே என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். கல்யாணப் பத்திரிகையைத் தபால்காரர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாமா ஊருக்குக் கொடுத்தார்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள்: “தபால்காரர்கிட்டக் காட்டியாச்சா?”