தடுப்பூசி அறையில் உன் அண்ணன்

அன்புத் தங்கைக்கு,

மூத்தவன் எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணி, என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும், மூட்டுவலி மட்டும் வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை. காரணம் கீழே வருகிறது.

உன் மருமகள், அதாவது என் மகள், கையில் இருந்த வங்கி வேலையை விட்டுவிட்டுக் குழந்தை உளவியலாளர் ஆகப் பயிற்சி பெறுவது உனக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியாது. தனி அறை, மெத்தை நாற்காலி என்றெல்லாம் நினைத்துவிடாதே. காய்ச்சல், இருமல், தடுப்பூசி என்று ஊரே வந்து உட்காரும் சுகாதார நிலையத்தில், டாக்டர் அறையை ஒட்டி இவளுக்கு ஒரு மூலை. குழந்தை முரண்டு பிடித்தால் டாக்டர் கதவைத் திறந்து "கொஞ்சம் வாம்மா" என்பார், இவள் ஓட வேண்டும். உடம்பையும் மனசையும் ஒரே இடத்தில் பார்ப்பதுதான் முறையாம். நல்ல முறைதான். ஆனால் அங்கே படிப்பதையெல்லாம் வீட்டில் என்மீது பரீட்சித்துப் பார்க்கிறாள். "அப்பா, குளிச்சிட்டுச் சாப்பிடுறீங்களா, சாப்பிட்டுட்டுக் குளிக்கிறீங்களா?" என்பாள். நானும் ராஜா மாதிரி யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். எப்படியும் குளித்தாக வேண்டும் என்பது தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான் உறைக்கும். கத்தினால், "உங்களுக்குக் கோபமா இருக்கு போல" என்கிறாள். "எனக்கென்னடி கோபம்!" என்று மேசையைத் தட்டினால், "கோபம் இல்லன்னு சொல்றதுக்கும் கோபம் வருது போல" என்கிறாள். தட்டைக் கழுவி வைத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் அண்ணிக்கு என்னைவிட ஒரு நட்சத்திரம் கூட இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை அவளுக்குத் தேர்வு. பயிற்சி தரும் அம்மையார் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். கையெழுத்துப் போட்டால் பயிற்சி முடிந்தது, போடாவிட்டால் முதலிலிருந்து. மாடாய் உழைத்தவள், பார்த்துப் பார்த்து இன்றைக்கென்று மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனவன் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வேடிக்கை பார்க்கிற புத்தி யாரை விட்டது? தடுப்பூசி அறை வாசலில் நின்றேன்.

உள்ளே ஆறு வயதுப் பெண் ஒன்று மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கெஞ்ச, தாய் மிரட்ட, நர்ஸ் ஊசியோடு நிற்க, உன் மருமகள் அலட்டிக்கொள்ளாமல் தானும் தரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கையா அந்தக் கையா, அம்மா மடியா நாற்காலியா என்று இரண்டிரண்டாகத்தானே கேட்க வேண்டும்? ஆனால் தேர்வுப் பதற்றத்தில், "என்ன செஞ்சா உனக்குப் பயம் போகும்?" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டாள்.

குழந்தை சுற்றிலும் பார்த்தது. விரல் நேராக வாசலுக்கு வந்தது.

"அந்தத் தாத்தாவுக்கு முதல்ல போடுங்க."

"எனக்கு எதுக்கும்மா? நான் கண்ணாடி கொடுக்க வந்தவன்" என்றேன். நர்ஸ் விடுவாளா? "உங்க வயசுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடவேண்டியதுதான் சார். நீங்கதான் டிமிக்கி கொடுத்துட்டே இருக்கீங்க" என்று புதிய ஊசியைப் பிரித்தாள். அம்மையார் பேனாவைத் திறந்தார். மகள் என்னைப் பார்த்தாள். பெற்ற பெண்ணின் எதிர்காலம் என் சட்டைக் கையில் தொங்கியது. மடித்தேன்.

பிறகு ஓர் அலறல் கேட்டது. யாரோ பாவம் என்று நினைத்தேன், நான்தான். கண்ணைத் திறந்தால் மேசைக்கு அடியில், குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மகள் குழந்தையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்காப்பா? இருக்கட்டும். நான் இங்கேயேதான் இருக்கேன்" என்கிறாள். இத்தனைக்கும் இன்னும் ஊசியே போடவில்லையாம். பஞ்சால் துடைத்ததற்கே அந்தக் கூத்து. குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "இவர் என்னைவிட மோசம்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு வெளியே போய்க் கையை நீட்டிவிட்டது. அடுத்து என் முறை. "இந்தக் கையாப்பா, அந்தக் கையா?" என்றாள் மகள். நானும் யோசித்து இடது என்றேன்.

அம்மையார் எழுதிக்கொண்டே போய்விட்டார். முடிவு மாலையில் வரும். என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? குழந்தையை விட்டுவிட்டு அப்பனைக் கவனித்தவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? என்னால்தான் அவளுக்கு இந்த நிலை. சோறு இறங்கவில்லை. அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். போனால் போகட்டும், வங்கியில் மறுபடி கேட்டுப் பார் என்று அவளுக்கு ஆறுதலாக நாலு வரி எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நோய்நொடி இல்லாத, ஊசியும் இல்லாத நீண்ட ஆயுள் அமையட்டும்.

இப்படிக்கு,
ஒரு கை மட்டும் வேலை செய்யும் உன் அண்ணன்

பி.கு.: ஆறுதல் ஒன்றும் எழுதாதே. கையெழுத்து வந்துவிட்டது! அறையில் அதிகம் பயந்தவர் யார் என்று சரியாகக் கண்டுகொண்டு, தேர்வையே மறந்து அவரிடம் போய் உட்கார்ந்தாள் என்று அம்மையார் எழுதியிருக்கிறார். மகள் படித்துக்காட்டினாள், இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். இவள் என் பெண் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொன்று. அடுத்து வரும் பயிற்சிக்காரர்களுக்குப் பயந்த குழந்தையாக நடிக்க ஆள் வேண்டுமாம். "நடிக்கக்கூட வேண்டாம் சார், வந்து உட்கார்ந்தா போதும்" என்று அம்மையாரே போனில் கூப்பிட்டார். ஊசி உண்டா என்று கேட்டேன். வெறும் பஞ்சுதான் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.