சொந்தத் துணிக்கு அனுமதி இல்லை

அழுக்குத் துணி எல்லார் வீட்டிலும் சேர்கிறது. அரசியல் சாசனத்திலோ எங்கள் குடியிருப்போர் சங்க விதிகளிலோ அதற்குத் தடை எதுவும் கிடையாது. சேர்ந்த துணியைத் துவைத்து உடுத்திக்கொள்வது இந்தியக் குடிமகனின் உரிமை என்றுதான் மேடவாக்கத்தில் நாங்கள் அனைவரும் நம்பிக்கொண்டிருந்தோம். பட்டாபிராமன் சாரும் அப்படித்தான் நம்பினார், பாவம்.

அவர் எனக்கு நேர் மேல் வீடு. வங்கியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனைவி காமு மாமிக்கு வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் துணியைக் கசக்கிப் பிழியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்துத்தான் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டது. ஆக, தேவைப்பட்டது ஒரு வாஷிங் மெஷின். வேறு யாராவது என்றால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்து பிளக்கைச் சொருகியிருப்பார்கள்.

ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் வீட்டுக்கென்று செய்த சாமானை வாங்குவது இப்போது கௌரவக் குறைச்சல். சங்கச் செயலாளர் ராஜாராமன் வீட்டில், பெரிய ஓட்டல்களில் வைக்கிற காபி மெஷின் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்த மருமகள் வெளிநாடு போய்விட்டதால் அவர் தெருமுனைக் கடையில் நின்று காபி குடிக்கிறார். சி பிளாக்கில் ஒருவர் ஜிம்மில் போடுகிற டிரெட்மில் வாங்கி, அதன் மேல் துண்டு காயப்போடுகிறார். என் வீட்டில் கல்யாண மண்டபத்து கிரைண்டர் இருக்கிறது. நாங்கள் இருவர் தின்கிற நாலு இட்லிக்கு அது சுற்றுகிறது. 'கமர்ஷியல் கிரேடு' என்று சொல்லும்போதே வாய்க்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

எனவே பட்டாபிராமன் கீழ்க்கட்டளைக்குப் போனார். அங்கே கலீல் பாய், மூடிய லாட்ஜுகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சாமான்களை எடுத்து விற்பவர். பட்டாபிராமன் துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"வூட்டுக்கா சார்?" என்று கலீல் பாய் சந்தேகமாகக் கேட்டார். "இது லாட்ஜுல போர்வை தொவைச்ச மெஷினு. உங்க வூட்ல அவ்ளோ துணி இன்னா கீது? சின்னதா ஒண்ணு தரேன், எடுத்துக்கினு போங்க."

"சின்னதெல்லாம் அஞ்சு வருஷத்துல போயிடும் பாய். இது எவ்வளவு நாள் வரும்?"

"உங்க பேரன் ரிடையர் ஆவுற வரைக்கும் வரும்."

"அப்ப இதையே அனுப்பிடுங்க."

மெஷின் வந்தது. லிஃப்ட் அதை ஏற்றுக்கொள்ள மறுத்ததால் ஆறு பேர் தூக்கிப் படியேறினார்கள். பாத்ரூம் கதவில் நுழையாததால் ஹாலுக்குப் போயிற்று. ஹாலில் சிமெண்ட் மேடை கட்டி, போல்ட் அடித்து முறுக்கினார்கள். சோபா பால்கனிக்கு இடம் மாறியது. நல்ல நேரம் பார்த்துப் பட்டாபிராமன் பட்டனை அழுத்தினார். பிளாக் மொத்தமும் கரண்ட் போனது.

மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மனுப் போட்டதும், ஏரியா கரண்ட் ஆபீஸிலிருந்து இன்ஜினியர் தேவதர்ஷினி நேரில் வந்தார். அவரைக் குறை சொல்லவே முடியாது. காபி வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை. மெஷினைச் சுற்றி வந்து, முதுகிலிருந்த தகட்டைப் படித்தார்.

"சார், இதுல கமர்ஷியல்னு போட்டிருக்கே."

"அது மெஷினோட ரகம் மேடம். நாங்க குடும்பம்."

"இருக்கலாம் சார். ஆனா கமர்ஷியல் மெஷினுக்கு வீட்டு இணைப்பு குடுத்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. வணிக இணைப்புக்கு எழுதிக் குடுங்க, இந்த வாரமே போட்டுடலாம்."

"சரி, எழுதித் தரேன்."

"இங்க என்ன வணிகம் நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலை."

"அப்ப வணிக இணைப்பு எப்படி சார் குடுக்க முடியும்?"

பட்டாபிராமன் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவர். வீடு வாங்கப் பணம் கேட்டு வந்தவர்களிடம், வீடு இருந்தால்தான் கடன் தருவோம் என்று சொல்லிப் பழகியவர். அவருக்கு இந்த நியாயம் உடனே பிடிபட்டது. மறுநாளே வாசல் கதவில் 'காமு சலவையகம்' என்று போர்டு தொங்கியது.

"எனக்கு நாலு பொடவை தோஞ்சாப் போறும்னா," என்றார் காமு மாமி. "அதுக்கு நான் எதுக்குக் கடை வைக்கணும்?"

"கனெக்‌ஷன் வர வரைக்கும்தான் காமு. சித்த பொறுத்துக்கோ."

சங்கத்தின் அனுமதியும் வேண்டியிருந்தது. ராஜாராமன் கோட்டையில் ஏதோ ஒரு துறையில் ஆணை எழுதியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. 'இக்குடியிருப்பு வளாகத்தில் எவ்வித வணிகமும் நடத்தலாகாது என்னும் விதிக்கு முற்றிலும் உட்பட்டு, மேற்படி வணிகத்தை நடத்திக்கொள்ள இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நாங்கள் எல்லோரும் படித்து, தெளிவாக இருக்கிறது என்று தலையாட்டினோம்.

இணைப்பும் வந்தது. காமு மாமி சேர்ந்துகிடந்த புடவைகளையெல்லாம் உள்ளே போட்டார். மெஷின் கம்பீரமாகச் சுற்ற ஆரம்பித்தது. மாமியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அப்போதுதான் தேவதர்ஷினி ஆய்வுக்கு வந்து, மெஷின் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"இது யாரோட புடவை மாமி?"

"என்னோடதும்மா."

இன்ஜினியரின் முகம் வாடிவிட்டது. "ஐயையோ. வணிக இணைப்புல சொந்த உபயோகம் கூடாதே. ஃபியூஸைப் பிடுங்க வேண்டி வரும்."

"எங்க மெஷின்ல எங்க துணியைத் தோய்க்கப்படாதா?"

"மத்தவங்க துணி எவ்வளவு வேணும்னாலும் தோய்க்கலாம். உங்களுது மட்டும் கூடாது."

பட்டாபிராமன் குறுக்கே வந்தார். "ஏன் மேடம், ஓட்டல் முதலாளி தன் ஓட்டல்ல சாப்பிடறதில்லையா? நாங்க எங்களுக்கே பில் போட்டுக்கறோம்."

"உரிமையாளரும் வாடிக்கையாளரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது சார். உங்க துணியை வெளியில எங்கயாவது லாண்டரியில போட்டுடுங்களேன். அப்புறம், அடுத்த தடவை வரும்போது வாடிக்கையாளர் துணி ஓடணும். ஓடலேன்னா பொய்த் தகவல் குடுத்ததா ஆயிடும்." அவருக்கும் வருத்தம்தான். போகும்போது மாமியின் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பட்டாபிராமன் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு என் வாசலில் நின்றார். "ஆரோன் சார், தப்பா நினைச்சுக்காதீங்கோ. அழுக்குத் துணி ஏதாவது இருந்தா குடுங்களேன்."

கோட்டு போட்டுக்கொண்டு லோன் கொடுத்த மனுஷன், என் லுங்கிக்குக் கை நீட்டுகிறார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. என் மனைவி சாராளுக்கு அதெல்லாம் இல்லை. தலையணை உறை, ஜன்னல் திரை, மழைக்காலத்துக் கம்பளி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். மற்ற வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். துணியைக் கசக்கக் கூடாத காமு மாமி, ஊரார் போர்வைகளை ஈரத்தோடு தூக்கித் தூக்கி உதறினார். அவருடைய சொந்தப் புடவைகள் மூலையில் குவிந்து கிடந்தன. வெளியில் போடவும் பட்டாபிராமனுக்கு மனசு வரவில்லை. ஹாலில் பாதியை அடைக்கிற மெஷினை வைத்துக்கொண்டு தெருக் கடையில் துணி போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால் அது நியாயமான கவலைதான்.

சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் ராஜாராமன் இதற்கு வழி கண்டுபிடித்தார். "பட்டாபிராமன் துணியை இன்னொரு வணிக மெஷினில் துவைத்தால் சட்டச் சிக்கல் இல்லை. பொது நலன் கருதி, நானே ஒன்று நிறுவ முன்வருகிறேன்."

நிறுவினார். 'ராஜா டிரை வாஷ்' என்று போர்டு வைத்தார். பட்டாபிராமன் துணியை அவர் துவைத்தார். ஆனால் ராஜாராமன் தன் துணியைத் தானே துவைக்கக் கூடாதே? அது பட்டாபிராமனுக்குப் போயிற்று. இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் தொழிலதிபர்களாக இருப்பதை மற்றவர்களால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள முடியும்? சி பிளாக்கில் டிரெட்மில் வெளியே போனது, மெஷின் உள்ளே வந்தது. அப்புறம் மூன்றாம் மாடி. அப்புறம் நாங்கள்; காமு மாமியின் புடவைகள் எங்கள் பங்குக்கு வந்தன.

"இன்னா சார் நடக்குது உங்க அபார்ட்மெண்ட்ல?" என்று கலீல் பாய் என்னிடமே கேட்டார். "மொத்தமா லாட்ஜ் ஆக்கிட்டீங்களா?"

"இது முன்னேற்றம் பாய்," என்றேன். அவர் சிமெண்ட் மேடைக்கு அளவு எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

இப்போது தினமும் காலையில் எங்கள் மாடிப்படியைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு மூட்டையோடு எதிரும் புதிருமாக ஏறி இறங்குகிறோம். அடுத்த வீட்டுக் குழந்தை தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் தேடுகிறவர்கள் எல்லாம் இப்போது அடுத்த வீட்டுக்காரன் வேட்டியை அலசிக் காயப்போடுகிறார்கள். சமத்துவம் இப்படி ஒரு வழியாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கரண்ட் ஆபீஸ் எங்களை 'முன்மாதிரி வளாகம்' என்று பாராட்டிப் பட்டாபிராமனுக்குப் பொன்னாடை போர்த்தியது. அதையும் அவர் துவைக்க ராஜாராமனிடம்தான் கொடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும் எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை. வேட்டி, புடவை, சட்டை எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போகும். உள்ளே போடுகிற துணி? ராஜாராமன்கூட அதற்கு ஆணை எழுதவில்லை. எப்படியோ நடக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

போன வியாழக்கிழமை நான் வேலை பார்க்கிற மறைமலை நகர் ஃபாக்டரிக்கு லீவு. மத்தியானம் படுத்திருந்தபோது மேல் வீட்டு பாத்ரூம் பக்கமிருந்து சத்தம் வந்தது. சோப்பைத் தேய்க்கிற சத்தம், கசக்குகிற சத்தம். நடுவில் "அம்மா" என்று ஒரு முனகல். மறுபடி கசக்கல்.

"ஏன்னா, குழாயைத் தொறந்து விடுங்கோ," என்று காமு மாமியின் குரல் கேட்டது. "கீழ கேட்டுடப் போறது."

அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் படுகிற பாட்டைப் பற்றி இன்றைக்கே ராஜாராமனிடம் பேசிவிடுவது என்று எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டினால், ராஜாராமன் வீட்டு பாத்ரூமிலும் அதே சத்தம். மூன்றாம் மாடியிலும் அதே சத்தம்.

"அங்க நின்னுகிட்டு என்ன வேடிக்கை பாக்கறீங்க?" என்று எங்கள் பாத்ரூமுக்குள்ளிருந்து சாராள் அடிக்குரலில் கூப்பிட்டாள். "கதவைத் தாழ் போட்டுட்டு வந்து இதைப் பிழிஞ்சு குடுங்க. அந்த இன்ஜினியரம்மா வந்து நின்னாலும் நின்னுடும்."

நான் தாழ் போட்டுவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து, என் பனியனை நானே பிழிந்தேன். ஹாலில் எங்கள் மெஷின் காமு மாமியின் புடவைகளைத் தானாகவே துவைத்து, தானாகவே பிழிந்துகொண்டிருந்தது.