எனக்கு முன்னால் கிளம்பிய மூட்டை

அன்று நடந்தது இவ்வளவுதான்:

1. மூட்டை நல்ல நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியது.
2. நானும் நைனாவும் ராகு காலத்தில் கிளம்பினோம்.
3. மூட்டை எழும்பூரில் ரயிலைப் பிடித்தது.
4. நாங்கள் பிடிக்கவில்லை.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதை இப்போதே எழுத மனம் வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் கம்பவுண்டர் பரீட்சையில் தேறி, சர்ட்டிபிகேட்டும் கையுமாக மேனாம்பேட்டில் உட்கார்ந்திருந்தேன். மருந்து கலக்க ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் யாரும் தயாராக இல்லை. (நான் கலக்கிய இருமல் மருந்தை எங்கள் வீட்டிலேயே மாட்டுக்குத்தான் ஊற்றினார்கள். மாடு பிழைத்தது.) இந்த நிலையில் மாயவரத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை காலை அசல் சர்ட்டிபிகேட்டுடன் நேரில் வர வேண்டும். அன்றைக்கே ஆளை எடுத்துவிடுவார்கள்.

நைனா நாலு நாள் யோசித்தார். பிறகு, "ஒரே ஒரு தபா இட்டுகினு போறேன். அப்பால கேக்கக் கூடாது" என்றார். ஆகவே எனக்கு இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனான அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரை ஒரு கம்பெனியின் ரயில். எழும்பூரிலிருந்து மாயவரத்துக்கு வேறொரு கம்பெனியின் ரயில். நடுவில் ஜட்கா. அம்பத்தூரிலேயே மாயவரம் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கிவிடலாம் என்றார் நைனா. நான் விடவில்லை. இரண்டு மருந்தை ஒரே புட்டியில் ஊற்றக் கூடாது என்று படித்தவள் அல்லவா? எழும்பூர் டிக்கெட்டுகளைத் தெரிந்தவர் மூலமாக முன்கூட்டியே வாங்கி வைத்தேன். உள்ளூர் டிக்கெட்டை அன்றைக்கு ஸ்டேஷனில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை எனக்கு நானே இரண்டு முறை மெச்சிக்கொண்டேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். எங்கள் ரயில் நாலு மணிக்கு.

"பரஸ்தானம் வெச்சுட்டா தீந்துது" என்றாள்.

கெட்ட நேரத்தில் கிளம்பியே ஆக வேண்டுமானால், நல்ல நேரத்திலேயே ஒரு மூட்டையைக் கட்டி, போகிற வழியில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவதுதான் பரஸ்தானம். மூட்டை கிளம்பினால் நாமே கிளம்பியதாகக் கணக்கு. பிறகு போகிறபோது அதை எடுத்துக்கொள்ளலாம்.

"பயணத்துக்கு எது முக்கியமோ அது உள்ள இருக்கணும். கந்தலக் கட்டி வெச்சா செல்லாது."

விஞ்ஞானம் படித்தவள் இதற்கெல்லாம் சண்டை பிடிக்க மாட்டாள் என்று காட்ட விரும்பினேன். நல்ல புடவை, சர்ட்டிபிகேட், ஆஸ்பத்திரிக் கடிதம் மூன்றையும் நானே பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தேன். எழும்பூர் டிக்கெட் இரண்டையும் அம்மா மஞ்சள் துண்டோடு சேர்த்து மூட்டையின் மேல்முடிச்சில் முடிந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டை போய் ஸ்டேஷன் ரோட்டிலிருந்த கன்னியம்மா அத்தை வீட்டில் உட்கார்ந்தது. எழும்பூரில் எந்த ரயில், மாயவரத்தில் எந்த ஆஸ்பத்திரி, டிக்கெட் எந்த முடிச்சில் என்று எல்லாவற்றையும் அம்மா அங்கே ஒப்பித்துவிட்டு வந்தாள்.

கன்னியம்மா அத்தையின் புருஷன் ஏகாம்பரம் மாமா. பெரிய மீசை, அதைவிடப் பெரிய உடம்பு. எந்த வேலையிலும் ஒரு மாதம் தாங்க மாட்டார். "சொன்னத செய்வாரு. சொல்லாதது இன்னான்னா ஒண்ணும் புரியாது" என்று அத்தையே சொல்வாள்.

நாங்கள் தெருவில் இறங்கியபோது, நைனாவுக்குத் தெரிந்த ஒருவர் ஏரிக்கரை வழியாக மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். வலிய வந்த வண்டி. ஏறிக்கொண்டோம். ஏரிக்காற்று சுகமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னென்ன கேட்பார் என்று பதில்களை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷனில் நைனா கேட்டார்: "மூட்ட எங்கம்மே?"

"அது அப்பவே கெளம்பிடுச்சே, நைனா."

"கெளம்பிச்சு சரி. இப்ப எங்க கீது?"

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். ஏரிக்கரை வழியில் கன்னியம்மா அத்தை வீடு வராது.

சர்ட்டிபிகேட் இல்லாமல் மாயவரம் போவதும் போகாமலிருப்பதும் ஒன்றுதான். ஆனால் நான் பதறவில்லை. (பதறியிருந்தால் அங்கேயே நின்று அழுதிருப்பேன், காரியம் நடந்திருக்கும்.) சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவில் ஏராளமாக நேரம் விட்டிருந்தேன். மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போனாலும் பிடித்துவிடலாம் என்று நைனாவுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டே ஓடினேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி சரசு, இங்க வந்து நிக்கிற? நீங்க ஏரிக்கர பக்கமா வண்டியில போறத பாத்துட்டு, மூட்டய மறந்துட்டீங்கன்னு உங்க மாமா தூக்கிகினு வயக்காட்டால ஓடினாரே."

திரும்பவும் ஸ்டேஷன். ரயில் போய்விட்டிருந்தது. மாமாவும் இல்லை. போர்ட்டரைக் கேட்டோம்.

"மீசக்காரரா? மூட்டயோட வந்தாரு. 'எம்பொண்ணு உள்ள ஏறிடுச்சு'ன்னு சொல்லிகினே ஓடற வண்டியில தாவிட்டாரு."

அடுத்த ரயில் வந்தது. வில்லிவாக்கம் தாண்டி நின்றது. ராணுவ ஸ்பெஷல் ஒன்று போக வேண்டுமாம். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தேன், திரும்ப எழுந்தேன். லாரிகளையும் பீப்பாய்களையும் ஏற்றிய வண்டி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு முடிவு இருந்ததாகத் தெரியவில்லை.

"எத்தினி பெட்டின்னு எண்றியா?" என்றார் நைனா.

"இல்ல, நைனா."

"எண்ணு. பொழுது போவும்."

சென்ட்ரலில் இறங்கி ஜட்கா பிடித்தோம். குதிரைக்கும் அன்று ராகு காலம் போலிருக்கிறது. எழும்பூரில் நாங்கள் பிளாட்பாரக் கேட்டுக்கு ஓடியபோது மாயவரம் ரயில் அசைய ஆரம்பித்துவிட்டது. கேட்டில் இருந்தவர் கையை நீட்டினார். நைனா, சென்ட்ரல் கூட்டத்தில் யாரும் வாங்காமல் விட்ட உள்ளூர் டிக்கெட்டுகளைக் கொடுத்தார்.

"இது அந்தக் கம்பெனி டிக்கெட்டு. இங்க செல்லாது."

"எங்க டிக்கெட்டு அதோ, அந்த வண்டில போவுதுபா."

"டிக்கெட்டு போவுது, நீங்க போவலியா?"

அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் ஏகாம்பரம் மாமா. மடியில் மூட்டை. "மாமா" என்று கத்தினேன். என் குரல் அவருக்குக் கேட்டது. ஆனால் நான் முன்னால் லேடீஸ் வண்டியில் இருந்துதான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, தலையை வெளியே நீட்டி, எஞ்சின் பக்கம் பார்த்துப் பதில் சொன்னார்:

"கீறேன், கண்ணு. பயப்படாத. மூட்ட பத்திரமா கீது."

அடுத்த வண்டி மறுநாள்தான். யுத்தத்துக்காக ரயில்களைக் குறைத்திருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா எங்களைப் பார்த்தாள், எங்கள் கைகளைப் பார்த்தாள், முழுக் கதையையும் கேட்டாள்.

"நல்ல நேரத்துல கெளம்பினது போய்ச் சேந்துது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் மாமா திரும்பி வந்தார். மூட்டையை என் கையில் வைத்தார். மேல்முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது. ரயிலுக்காக ஒரு டிக்கெட்டை எடுத்ததாகவும், மற்றபடி மூட்டையைத் தொடவில்லை என்றும் சொன்னார்.

"மாயவரத்துல எறங்கிப் பாத்தா நீங்க இல்ல. சரி, ஆஸ்பத்திரிக்குதான் வருவீங்கன்னு காத்தாலயே கேட்டாண்ட போய் நின்னேன். டாக்டரம்மா வந்து, 'யாருய்யா நீ'ன்னு கேட்டாங்க. பொண்ணு பின்னால வருது, மூட்ட முன்னால வந்துகீதுன்னேன்."

"சர்ட்டிபிகேட்ட காட்டினீங்களா, மாமா?" என்றேன்.

"அவங்களும் அதத்தான் கேட்டாங்க. 'மூட்டய அவிழு, சர்ட்டிபிகேட்ட பாத்துட்டு அந்தப் பொண்ணுக்காக ஒரு நாள் பாக்கறேன்'னாங்க. நான் வுடல. சொந்தக்காரி கையிலதான் குடுப்பேன்னுட்டேன். கம்பவுண்டரு, நர்சம்மா எல்லாம் வந்து கேட்டாங்க. ஒருத்தர தொடவுடல." பெருமையாக மீசையைத் தடவினார். "மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு, வேற ஒரு பொண்ண எடுத்துட்டாங்க."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஏன் மாமா வர ரெண்டு நாள் ஆச்சு?"

"அதான் சொல்ல வந்தேன். அவங்க ஆஸ்பத்திரிக்குக் கேட்டுக்காரன் இல்லாம இருந்துதாம். இந்த மாதிரி ஆளத்தான் தேடிகினு இருந்தேன்னாங்க. ரெண்டு நாளா வேல பாத்துட்டுதான் வரேன். துணி எடுத்துகினு நாளைக்குப் போவணும்."

இதுதான் ஐந்தாவது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் எந்த வேலைக்கு மனுப் போட்டாலும், "மொதல்ல மூட்டய அனுப்பு, அதுக்கு உன்னவிட ராசி" என்கிறாள் அம்மா. உறவுக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இது பரவிவிட்டது. நான் கரையான்சாவடியில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறேன். ரயில் ஏறாமல் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு மிஞ்சி எந்த வேலைக்கும் மனுப் போடுவதில்லை. ஏகாம்பரம் மாமா மாயவரத்தில் அதே கேட்டில் இருக்கிறார். கன்னியம்மா அத்தையும் அங்கே போய்விட்டாள். ஆகவே மேனாம்பேட்டில் இப்போது மூட்டை வைக்க எங்களுக்கு வீடு இல்லை.