கொளஞ்சியப்பனின் சத்தமில்லாத பெட்டி

உலக அமைதிக்காக உழைத்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் யாரும் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து விசாரிப்பதில்லை. வந்திருந்தால், டிவி ரிப்பேர் கடை கொளஞ்சியப்பனின் பெயரை முதல் வரியிலேயே எழுதியிருப்பார்கள். அமைதியைப் பற்றிப் பேசியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. பன்னிரண்டு வோல்ட்டை ஏழு வோல்ட்டாகக் குறைத்து அதைக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

கொளஞ்சியப்பன் சொந்தமாக ஒரு புரொஜெக்டர் செய்திருந்தார். பிளைவுட் பெட்டி, உள்ளே நூறு வாட் எல்.இ.டி. விளக்கு, உடைந்த டேப்லெட்டிலிருந்து கழற்றிய திரை, ஒரு லென்ஸ், ஒரு சின்ன ஸ்பீக்கர். விளக்கு சூடேறாமல் இருக்க, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த உள்ளங்கை அளவு ஃபேன். படம் தெளிவாகத்தான் விழுந்தது. ஃபேன்தான் கரும்பு டிராக்டர் மேடேறுவதுபோல் கத்தியது. ஸ்பீக்கரைக் கூட்டினால் பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தது.

இந்தப் பெட்டியைக் கள்ளக்குறிச்சியிலுள்ள ‘மலைக் காட்சி விளக்கப் பிரிவு’ என்னும் மகத்தான அலுவலகம் எடுத்துக்கொண்டது. கல்வராயன் மலையில் நடந்திருக்கும் முன்னேற்றங்களை, அந்த மலையில் இருப்பவர்களுக்கே படம் போட்டுக் காட்டுவது அதன் வேலை. முன்னேற்றம் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடக் கூடாதே என்ற அக்கறைதான். படத்துக்குக் குரல் கொடுத்தவர் விளக்க அலுவலர் செழியன். தன் குரல்மீது அவருக்கு அளவு கடந்த மரியாதை உண்டு.

முதல் ஊரில் படம் ஓடிய நாற்பது நிமிடமும் ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. கொளஞ்சியப்பன் சுவிட்சை அணைத்ததும் ஊரே கை தட்டியது. ஒருவழியாகச் சத்தம் நின்றதே என்று தட்டினார்கள். ‘பயனாளிகள் மனமுவந்து வரவேற்றனர்’ என்று கோப்பில் ஏறியது.

கேட்காமலே இப்படித் தட்டுகிறவர்கள் கேட்டால் எப்படித் தட்டுவார்கள் என்று செழியனுக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த ஊரான தேன்பாறைக்குப் போவதற்குள் சத்தத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். கொளஞ்சியப்பனோ தன் பெட்டியை கவர்மெண்டே கேட்டு வாங்கியதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது திரும்பி வந்தால் எந்த முகத்தோடு கடை திறப்பது?

‘இரைச்சல் தணிப்பு ஆலோசனைக் கூட்டம்’ முறைப்படி கூடியது. தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறி கிறீச்சிட்டதால் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஜனங்களைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர். கண்காணிப்பாளர் வெங்கடேசன் ஆழ்ந்து யோசித்து, பெட்டியில் ஓட்டைகள் இருப்பதால்தானே சத்தம் வெளியே வருகிறது, அவற்றை அடைத்துவிட்டால் என்ன என்றார். அடைத்தார்கள். பதினோராவது நிமிடம் பெட்டி புகைந்தது. ‘சத்தம் கணிசமாகக் குறைந்தது. புகை குறித்துத் தனிக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும்’ என்று தீர்மானம் எழுதப்பட்டது.

கொளஞ்சியப்பன் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து, ஓட்டைகளைத் திறந்து ஓடவிட்டு, அதன் எதிரே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேஜையைத் துடைக்க வந்த அவர் மனைவி அம்சவள்ளி பெட்டியை ஒரு கையால் தூக்கினாள். சத்தம் பாதியாகிவிட்டது.

“ஃபேன் எங்க கத்துது? பொட்டியும் மேஜையும்தான் கூட சேந்து கத்திக்கினு இருக்குது” என்றாள்.

அவளை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைத்திருக்கவில்லை. கொளஞ்சியப்பன் பாய்ந்து எழுந்தார். சின்ன ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய பன்னிரண்டு வோல்ட் ஃபேன் ஒன்றை ஏழு வோல்ட்டில் மெதுவாகச் சுற்றவிட்டார். சைக்கிள் டியூபை வெட்டி, அதில் ஃபேனைப் பலகையில் படாமல் தொங்கவிட்டார். காற்று வெளியேறும் வழியை வளைத்து உள்ளே பஞ்சு ஒட்டினார். பெட்டிக்கடியில் சாக்கு மடித்துப் போட்டார். பிறகு சுவிட்சைப் போட்டால், சுவரில் பல்லி கத்தியது கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தேன்பாறைக்குப் போன அன்று ஜீப் பாதி வழியிலேயே நின்றுகொண்டது. அதற்கப்பால் கல்லும் முள்ளும்தான். மூன்று கிலோமீட்டர் தூரம் கொளஞ்சியப்பன் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தார். பின்னால் செழியன் செருப்பு அறுந்து, மூச்சு வாங்கி, இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

இருட்டியதும் படம் ஓடியது. செழியனின் குரல் மணிமணியாக ஒலித்தது: “தேன்பாறை மக்களின் நெடுநாள் கனவான மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை அமைக்கப்பட்டு, வாகனங்கள் சீராகச் சென்றுவருகின்றன.” திரையில் ஏதோ ஊரின் சாலை பளபளத்தது.

யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த சின்னப்பொண்ணு என்ற பெண் எழுந்தாள். கொளஞ்சியப்பனிடம் அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டார். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தரமும் சாலை அப்படியே பளபளத்தது.

“போன மாசம் எம் மருமவளைப் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிக்கினுதான் சார் எறங்கினோம். இந்த ரோடு எங்க இருக்குதுன்னு அப்பவே சொல்லியிருந்தா அதுலயே போயிருப்போம்” என்றாள். குரலில் கோபமே இல்லை.

செழியன் தண்ணீர் கேட்டார். கொளஞ்சியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தச் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றா அத்தனை பாடுபட்டோம் என்று நினைத்தார். அதே நேரத்தில், கேட்டதே நல்லது என்றும் தோன்றியது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து கொளஞ்சியப்பனுக்குக் கடிதம் வந்தது. ‘இயந்திரம் வரம்பு மீறி அமைதியாக இயங்குவதால், பொதுமக்கள் படத்தைக் கவனிக்கும் அபாயம் ஏற்பட்டுள்ளது. உடனடியாகப் பழைய ஃபேனைப் பொருத்தவும்.’

கொளஞ்சியப்பன் நேரே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, செழியனின் மேஜை முன்னால் போய் நின்றார்.

“சத்தம் இன்னா பண்ணும், இன்னா பண்ணாதுன்னு எனக்குத் தெரியுங்க சார். மூணு கிலோமீட்டர் ரோடு இல்லைங்கிறதை மறைக்கணும்னா ஒரு ஃபேன் பத்தாதுங்க.”

செழியன் அதை மிகுந்த பொறுப்போடு கேட்டுக்கொண்டார். பேனாவின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

“எத்தனை வேணும்னு எழுதிக் குடுங்க. இன்னும் முப்பத்தெட்டு ஊரு இருக்குது.”