வெத்து வாச்சர்

ஒன்றுமில்லாததை வெத்து வாச்சர் போல அத்தனை கவனமாகக் காவல் காத்த மனிதர் இந்த நாட்டில் இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு வாச்சர் உண்டு, இறப்பர் ஸ்டோருக்கு வாச்சர் உண்டு. இவருக்குக் கிடைத்தது தண்ணீர் இல்லாத ஓர் அணை.

தெரணியகலையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், பள்ளத்தில் வரிசை வீடுகளாக இருந்தன எங்கள் லயங்கள். மழைக்காலத்தில் ஓடை பெருகி அடிலயத்துக்குள் புகுந்துவிடும் என்று, மேலே இரண்டு மலைகளுக்கு நடுவில் மண்ணால் ஒரு கட்டுக் கட்டி, அடியில் சீமெந்தில் ஒரு மதகு வைத்திருந்தார்கள். பெருமழையைக் கட்டு பிடித்துவைத்துக்கொள்ளும். மதகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அடுத்த மழைக்கு இடம் வேண்டுமென்பதால் அணை எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும். காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வெத்து வாச்சரின் வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பேரேடான செக்ரோலில் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.

ஆள் ஒல்லி. கையில் எந்நேரமும் கொக்கி வைத்த நீண்ட மூங்கில். மதகு வாயில் அடைக்கும் கிளையையும் சருகையும் அதைக் கொண்டுதான் இழுத்துப் போடுவார். கட்டின் மேல் யாராவது மரவள்ளி நட்டால் மறுநாள் அது அவர்கள் வாசலில் வேரோடு கிடக்கும். நண்டு வளை தோண்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கட்டின் மேல் ஏறும் மாடுகளைத் திட்டி விரட்டுவார். லயத்து மாட்டுக்குத் தமிழில் திட்டு, சிங்களக் கிராமத்து மாட்டுக்குச் சிங்களத்தில். மாறித் திட்டினால் மாடு நகராது என்பது அவருடைய நம்பிக்கை.

உள்நாட்டுச் சண்டைக்காலம். ஒருநாள் போலீஸ் ஜீப் அந்தப் பக்கம் வந்தது. நீண்ட கழியோடு ஒரு தமிழன் தனியாகக் குந்தியிருப்பதைப் பார்த்து இறங்கினார்கள்.

"மொனவத முர கரன்னே?" எதற்குக் காவல் என்று கேட்டார் ஒரு போலீஸ்காரர்.

"வத்துர நே மாத்தயா. ஏக்க தமாய் மகே வெட." தண்ணீர் இல்லை ஐயா, அதுதான் என் வேலை.

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் எங்கள் பெரிய கிளாக்கர் போய், இந்த ஆள் காவல் காப்பது உண்மையிலேயே ஒன்றுமில்லாததைத்தான் என்று சொல்லிக் கூட்டிவந்தார். திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. தான் இல்லாத நேரத்தில் மதகில் ஏதாவது அடைத்திருக்குமோ என்று நேரே அணைக்குப் போனார்.

கல்யாணமும் இந்த வேலையால்தான் தட்டிப்போனது. பெண் வீட்டார் விசாரித்தபோது எங்கள் ஆட்கள், "தங்கமான பையன். ஆனா பாத்துக்கிறது காலி கெடங்கு" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு யாரும் விசாரித்து வரவில்லை. வெள்ளம் வந்தால் வாச்சரைத் திட்டலாம். வெள்ளம் வராததற்காக யார் யாரைப் புகழ்கிறார்கள்? வருசா வருசம் மழை வந்தது, போனது. அடிலயத்தில் வாசல்கூட நனையவில்லை. அவருக்கு வெத்து வாச்சர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வினை திருவிழா வழியாக வந்தது.

எங்கள் மாரியம்மன் கோயிலும் பள்ளத்தில் ஓடைக்கரையில்தான். திருவிழாவில் முதல் காரியம் கரகம் பாலிப்பது. நீர்க்கரையில் செம்பை நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றி, பூசை போட்டு, பூசாரி தலையில் ஏற்றுவார்கள். ஏறிய கரகம் கோயிலில்தான் இறங்க வேண்டும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. கரகம் போகும் வழியில்தான் ஜனமும் போகும். நான் சொல்லும் திருவிழாவுக்கு முந்தின வருசம் வெயிலில் ஓடை சுருங்கிப்போய், கரகத்தை லயத்துப் பைப்படியில் வைத்துப் பாலிக்கும்படி ஆயிற்று. தோட்டத்தின் மறுபகுதியான மேல் டிவிசன்காரர்கள் அதை லேசில் விடவில்லை. எங்கள் ஆளைக் கண்டால், "என்னங்க, ஒங்க மாரியாத்தா பைப்ப மூடிட்டாங்களா?" என்பார்கள்.

இந்த வருசமும் ஓடை நூலாகத்தான் ஓடியது. கோயில் தலைவர் அணைக்கு ஏறிப் போனார். அவருக்குப் பூத்தட்டு தூக்கும் ஆள் நான். பின்னால் போனேன்.

"மதகுக்குப் பலக போட்டு கொஞ்சம் தண்ணி நிப்பாட்டுப்பா. கரகம் பாலிச்சதும் எடுத்துரலாம்."

"முடியாதுங்க தலைவரே. மாடு குடிக்கக்கூட நான் தண்ணி நிப்பாட்டினது இல்ல."

"மாடும் மாரியாத்தாளும் ஒண்ணா?"

வாச்சர் வானத்தைப் பார்த்தார். தலைவர் குரலை இறக்கினார். "இந்த வருசம் மொத மரியாத ஒனக்கு. தலப்பா கட்டி, மால போட்டு, அணக்காரருன்னு சொல்லிக் கூப்புடுறோம்."

அணைக்காரர் என்று அவரை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. வெகுநேரம் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "பாலிச்ச ஒடனே எடுத்துருவேன்" என்றார்.

பலகை போட்டது அவர்தான். தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் குதித்து நீந்தினார்கள். மேல் டிவிசன்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். வாச்சர் மட்டும் நீரை நேராகப் பார்க்காமல், அறிமுகமில்லாத ஒருவர் தன் வீட்டில் வந்து தங்கியிருப்பது போல ஓரமாகவே நின்றார்.

திருவிழா அன்று பிற்பகல் அணைக்கரையில் கரகம் பாலித்தார்கள். வாச்சருக்கு மஞ்சள் தலைப்பாகை, செவ்வரளி மாலை. பூசாரி தலையில் கரகம் ஏறியது, தப்பு முழங்கியது, ஊரே பள்ளத்துக்கு இறங்கியது. எங்களுக்கு வெயில். மேலே மலையுச்சியில் மட்டும் வானம் கறுத்திருந்தது. அங்கே கொட்டிக்கொண்டிருந்த மழை எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஊர்வலம் கோயில் வாசலை நெருங்கும்போது வாச்சர் ஓடிவந்தார். மாலை பாதி அறுந்து தொங்கியது.

"தலைவரே, பலக ஊறி இறுகிருச்சு, இழுத்தும் வரல. மேலருந்து வெள்ளம் எறங்குது. கட்டு அடியில கலங்கலாத் தண்ணி கசியுது. மண்ணு கரையுதுங்க. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க."

"கரகம் எறங்குற நேரத்துல அபசகுனமாப் பேசாத. போய் ஒக்காரு."

"சனம் செத்துரும் தலைவரே."

"மொத மரியாத குடுத்தா மொத்த மரியாதயும் கேக்குறான் பாரு" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தப்புச் சத்தத்தில் அவர் குரல் அதற்கு மேல் எடுபடவில்லை.

கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பெண்கள், பிள்ளைகள், கட்டிலோடு தூக்கிவந்து வைத்திருந்த கிழவர்கள். பிறகு அவர் செய்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் கனவிலும் செய்ய மாட்டார்கள். காப்புக் கட்டாத ஆள், விரதம் இல்லாத ஆள், பகலில் கருவாடு தின்ற ஆள், பூசாரி தலையிலிருந்த கரகத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு தேயிலை பக்டரி இருந்த மேட்டைப் பார்த்து ஓடினார்.

அப்புறம் ஊர் முழுவதும் அவர் பின்னால் ஓடியது.

"புடிங்கடா அவன!" என்று தலைவர் குச்சியோடு முன்னால். பூசாரி அழுதுகொண்டே அடுத்ததாக. கரகம் நகரும்போது தப்பு நிற்கக் கூடாது என்பதால் தப்புக்காரர்கள் அடித்துக்கொண்டே ஓடினார்கள். ஓட்டத்தில் அடி வேகமாகி, அடிக்கேற்ப ஓட்டமும் வேகமாயிற்று. அம்மன் போன பிறகு கீழே என்ன வேலை என்று கிழவர்களையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டார்கள். நான் பூத்தட்டைச் சாயவிடாமல் ஓடினேன். மேட்டில் ஏறியபோது தட்டில் பூ இல்லை.

பக்டரி வாசலில் நின்றார். தலையில் கரகம் ஆடவில்லை. தலைவர் போய்ப் பளாரென்று ஓர் அறை வைத்தார். அதற்கும் கரகம் ஆடவில்லை.

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். கட்டு இருந்த இடம் வழியாக மலையே இறங்கி வருவது போலச் சேற்றுத் தண்ணீர் வந்தது. கோயில் போனது, அடிலயம் போனது, கட்டிப்போட்டிருந்த ஆடுகள் போயின. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. எல்லோரும் அவரை அடிப்பதற்காக மேலே நின்றுகொண்டிருந்தோம்.

அன்று அதற்கு மேல் யாரும் அவரை அடிக்கவில்லை. ஆனால் லயம் இழந்து தகரக் கொட்டிலில் ஈரத்தோடு குந்தியிருந்த நாட்களில் பேச்சு மெல்ல மாறியது. காப்புக் கட்டாதவன் கரகத்தைத் தொட்டான், அம்மன் கோபித்தாள், அதனால்தான் கட்டு உடைந்தது என்றார்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. தகரத்துக்கடியில் கிடப்பவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவரும் மறுத்துப் பேசவில்லை. "பலகயப் போட்டது நாந்தானே" என்று மட்டும் சொன்னார். அணை இல்லாத தோட்டத்தில் அணைக்கு வாச்சர் எதற்கு என்று வேலையும் போனது.

சில வருசம் கழித்து வரக்காப்பொலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் அரிசிக் கடை வாசலில் அவரைக் கண்டேன். அங்கும் வாச்சர்தான். நன்றாகவே மெலிந்திருந்தார்.

"எப்பிடிண்ணே இருக்கீங்க?"

"இங்க எல்லாம் ரொம்பிக் கெடக்குது தம்பி. தூக்கம் வர மாட்டேங்குது" என்றார். பிறகு, "கட்டு இருந்த எடத்துல இப்ப என்னா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப யாரு பாத்துக்கிறா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அடுத்த முறை போனபோது கடை வாசலில் வேறோர் ஆள் இருந்தார். இவரை அடக்கம் செய்து மாதங்கள் ஆகிவிட்டன என்றார்கள்.

கோயிலை இப்போது பக்டரி மேட்டில் கட்டியிருக்கிறோம். திருவிழாவில் கரகம் மேட்டின் அடிக்கு வந்ததும் பூசாரி ஓடத் தொடங்குவார். ஒருவர் குச்சியோடு துரத்துவார், தப்பு வேகமாகும், ஊரே ஓடும். எதற்கு ஓடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், கிழவராகிவிட்ட தலைவர், "நம்ம வழக்கம் அப்பிடித்தான்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

நானும் கடைசியில் ஓடுவேன். மேலே ஏறியதும் மூச்சு வாங்கும். எல்லோரும் கரகத்தோடு உள்ளே போன பிறகு, திரும்பி அந்தப் பள்ளத்தைப் பார்ப்பேன். அங்கே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.